தொகுதியின் எல்லையை வகுக்க வேண்டியவர் யார்?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து வாக்காளர்கள் 2012ஆம் ஆண்டு நவம்பரில் காங்கிரஸின் பிரதிநிதிகள் சபைக்குத் தங்கள் 13 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தபோது, மாநிலம் முழுவதிலும் பதிவான வாக்குகளைக் கூட்டிப் பார்த்தால் ஜனநாயகக் கட்சிக்கே சற்று அதிகம் விழுந்திருந்தது. ஆயினும் அக்கட்சிக்குக் கிடைத்த ஆசனங்கள் 4, குடியரசுக் கட்சிக்குக் கிடைத்தவை 9. பத்தாண்டு கழித்து 2022இல், நீதிமன்றம் ஏற்பாடு செய்த வேறொரு வரைபடத்தின்படி தேர்தல் நடந்தது. அப்போது 14 ஆசனங்களும் ஏழுக்கு ஏழாகப் பிரிந்தன. 2024இல் சட்டசபை மறுபடியும் வரைந்த புதிய வரைபடத்தின் கீழ் அது குடியரசுக் கட்சிக்குச் சாதகமாகப் பத்துக்கு நான்கு என்று ஆயிற்று. அதே 2024இல் அதே மக்கள் ஜனாதிபதி பதவிக்குக் குடியரசுக் கட்சியின் டிரம்பையும், கவர்னர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் ஜோஷ் ஸ்டைனையும் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைக் கவனித்தால், அம்மாநிலம் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிளவுண்டு நிற்பது விளங்கும். அவர்களுடைய அபிப்பிராயம் மாறியதைக் காட்டிலும் தொகுதிகளின் எல்லை மாறியதே இந்த ஏற்ற இறக்கங்களுக்குப் பெரிய காரணம் என்று சொல்வது மிகையாகாது.

ஒரு மாநிலத்துக்குரிய காங்கிரஸ் தொகுதிகளை வகுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும், வகுத்த எல்லை நியாயமானதா என்பதை எந்த அளவுகோல் கொண்டு நிர்ணயிப்பது என்ற கேள்வி அமெரிக்கக் குடியரசின் வயதை ஒத்த வயதுடையது. சட்டசபை, நீதிமன்றம், சுயேச்சையான ஆணையம், கணித சாஸ்திரம் என்று விடைகள் பல சொல்லப்பட்டிருக்கின்றன. தொகுதியே தேவையில்லை என்போரும் உளர். இவ்விடைகள் எங்கே பிறந்தன, எங்கே தளர்ந்தன என்பதைப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் உத்தேசம்.

அரசியல் சாசனத்தின் மௌனம்

1787இல் இயற்றப்பட்ட அரசியல் சாசனம், பத்தாண்டுக்கு ஒருமுறை ஜனத்தொகையைக் கணக்கெடுத்து அதற்கேற்ப மாநிலங்களுக்கு ஆசனங்களைப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்று விதித்ததேயன்றி, மாநிலத்துக்குள் அவற்றை எவ்வாறு நிரப்புவது என்பதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தேர்தலின் காலம், இடம், முறை ஆகியவற்றை மாநிலச் சட்டசபைகள் நிர்ணயிக்கலாம், காங்கிரஸ் விரும்பினால் அவற்றைத் திருத்தலாம் என்று முதல் விதியின் நான்காம் பிரிவு கூறுவதோடு சரி. இந்த மௌனத்தினால் மாநிலங்கள் தத்தம் போக்கில் சென்றன. பென்சில்வேனியா 1788இல் தன் 8 பிரதிநிதிகளையும் மாநிலம் முழுவதற்குமான பொதுப் பட்டியலில் தேர்ந்தெடுத்தது. அடுத்த தேர்தலில் தொகுதிகளைப் பிரித்தது. 1792இல் மீண்டும் பொதுப் பட்டியலுக்குத் திரும்பி, 1794இல் மறுபடியும் தொகுதிகளுக்கு வந்து சேர்ந்தது. மாநிலம் முழுவதிலும் பெரும்பான்மை கொண்ட கட்சிக்குப் பொதுப் பட்டியல் சௌகரியம்; ஒரு பகுதியில் மட்டும் செல்வாக்குடைய கட்சிக்குத் தொகுதி முறை சௌகரியம். ஆகவே, முறையைப் பற்றிய தர்க்கத்தின் பின்னால் லாப நஷ்டக் கணக்கு இருந்தது என்பது தொடக்கத்திலேயே பிரத்தியட்சமாயிற்று.

வர்ஜீனியாவில் பாட்ரிக் ஹென்றியின் செல்வாக்கிலிருந்த சட்டசபை, ஜேம்ஸ் மாடிசனைத் தோற்கடிக்கும் எண்ணத்துடனேயே அவருடைய தொகுதியை வகுத்தது என்று அக்காலத்திலேயே பேசப்பட்டது. பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் அதைச் சந்தேகிக்கிறார்கள். எப்படியாயினும் 1789இல் மாடிசன் 1,308 வாக்குகள் பெற்று, 972 வாக்குகள் பெற்ற ஜேம்ஸ் மன்றோவை வென்றார். இருவருமே பின்னாளில் ஜனாதிபதியானவர்கள். 1812இல் மாஸச்சூஸெட்ஸ் கவர்னர் எல்பிரிட்ஜ் ஜெரி ஒப்பமிட்ட எல்லைச் சட்டத்தைப் பரிகசித்துப் பாஸ்டன் பத்திரிகை ஒன்று சிறகு முளைத்த பல்லியைப்போல் ஒரு தொகுதியின் சித்திரத்தை வெளியிட்டது. அன்று முதல் இத்தகைய சூழ்ச்சிக்கு 'ஜெரிமாண்டர்' என்பதே பெயராயிற்று. அது மாநில மேல்சபைக்கான தொகுதி, காங்கிரஸ் தொகுதியன்று. ஆனால் பெயர் இரண்டுக்கும் பொதுவாகிவிட்டது.

காங்கிரஸ் தன் திருத்தும் அதிகாரத்தை முதன்முதலாகப் பயன்படுத்தியது 1842இல். தொடர்ச்சியான நிலப்பரப்புடைய, ஒவ்வொன்றுக்கும் ஓர் உறுப்பினரே கொண்ட தொகுதிகள் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. ஜார்ஜியா, மிஸிஸிப்பி, மிஸௌரி, நியூ ஹாம்ப்ஷயர் ஆகிய நான்கு மாநிலங்கள் அதை மதியாமல் பொதுப் பட்டியலிலேயே தேர்தல் நடத்தின. சபையோ அவர்களுடைய உறுப்பினர்களை ஏற்று அமர்த்திக்கொண்டது. விதி இயற்றும் சபைக்கே அதை அமல் செய்ய மனமில்லாத இந்த நிலைமை பின்னரும் பலமுறை காணப்படும்.

சட்டசபையே வகுக்கட்டும் என்போர்

எல்லை வகுப்பது அடிப்படையில் அரசியல் காரியம். எந்தக் கவுண்டியை, அதாவது மாவட்டத்தை, எதனோடு சேர்ப்பது, எந்த ஊர்களின் நலன்கள் ஒத்தவை என்பதையெல்லாம் மக்களின் பிரதிநிதிகளே அறிவர். தவறு செய்தால் அவர்களை மக்கள் விலக்கவும் இயலும் என்பது இக்கட்சியாரின் வாதம். இதற்கு மிக மேன்மையான உருவம் கொடுத்தவர் சுப்ரீம் கோர்ட் நீதிபதி பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டர். 1946இல் இல்லினாய்ஸ் மாநிலத்துத் தொகுதிகளை எதிர்த்துப் பேராசிரியர் கென்னத் கோல்குரோவ் தொடுத்த வழக்கில், நீதிமன்றங்கள் இந்த அரசியல் விவகாரத்தில் பிரவேசிக்கலாகாது என்று அவர் எழுதினார்.

ஆனால் அவர் முன்னே இருந்த எண்கள் எவரையும் திடுக்கிட வைக்கும். 1901க்குப் பின் தொகுதிகள் மாற்றப்படாத அம்மாநிலத்தில் ஒரு தொகுதியில் 1,12,116 பேரும், மற்றொன்றில் 9,14,053 பேரும் வாழ்ந்தனர். பழைய எல்லையினால் பதவி பெற்றவர்களே அதை மாற்றும் அதிகாரத்தையும் வைத்திருக்கும்போது, மக்கள் அவர்களை விலக்கலாம் என்பது பொருளற்ற சமாதானமாகிவிடுகிறது. சட்டசபை வாதத்தின் தீராத பலவீனம் இதுதான்.

1964இல் சுப்ரீம் கோர்ட் ஜார்ஜியா வழக்கில் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டது. அட்லாண்டா நகரை உள்ளடக்கிய ஐந்தாம் தொகுதியில் 8,23,680 பேர். ஒன்பதாம் தொகுதியில் 2,72,154 பேர். ஒருவரின் வாக்கு மற்றொருவரின் வாக்குக்கு இயன்ற அளவு சமமாக வேண்டும் என்று நீதிபதி ஹ்யூகோ பிளாக் எழுதிய தீர்ப்பு, கிராமப்புறத்தின் நெடுநாள் ஆதிக்கத்தைச் சில ஆண்டுகளிலேயே தளர்த்தியது. 1983இல் நியூ ஜெர்சி வழக்கில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வேற்றுமைகூடப் போதிய காரணமின்றிச் செல்லாது என்றாயிற்று.

இச்சமத்துவம் பெரிய நன்மை, அதில் ஐயமில்லை. ஆனால் அது சூழ்ச்சிக்கு முடிவு கட்டவில்லை. தலை எண்ணிக்கையைச் சரிசெய்ய வேண்டும் என்ற காரணத்தால் கவுண்டி எல்லைகளையும் நகர எல்லைகளையும் தாண்டிச் செல்லும் சுதந்திரம் வரைபவருக்குக் கிடைத்தது. ஒவ்வொரு வாக்குச்சாவடியின் பழைய முடிவுகளையும் நொடியில் கூட்டிக் கழித்துக் காட்டும் கம்ப்யூட்டரும் துணைக்கு வந்தது.

இதன் விளைவைச் சமீபத்தில் பார்க்க வேண்டுமானால் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகருக்குச் செல்லலாம். கறுப்பின மாணவர்களுக்கென்றே தோன்றி வளர்ந்த ஏ அண்ட் டி பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. 2016இல் வரையப்பட்ட எல்லை, வளாகத்தை ஊடறுத்துச் செல்லும் லாரல் தெருவின் வழியே சென்றது. தெருவுக்கு ஒருபுறம் ஆறாம் தொகுதி, மறுபுறம் பதின்மூன்றாம் தொகுதி. ஒரே வகுப்பில் படிக்கும் மாணவர்கள் தாம் தங்கும் விடுதிக்கு ஏற்ப வெவ்வேறு தொகுதிகளில் வாக்களித்தார்கள். இரு தொகுதிகளிலும் வென்றது, அவர்களில் பெரும்பாலோர் ஆதரிக்காத குடியரசுக் கட்சியே. அவ்வரைபடத்தை முன்மொழிந்த சட்டசபைக் குழுவின் தலைவர்களுள் ஒருவரான டேவிட் லூயிஸ், பத்துக்கு மூன்று என்ற விகிதத்தைக் கருதியே அது வரையப்படுகிறது என்றும், பதினொன்றுக்கு இரண்டு சாத்தியமென்று தோன்றவில்லை என்றும் சபையிலேயே வெளிப்படையாகச் சொன்னார். அவர் சொன்னபடியே அவ்வாண்டுத் தேர்தலில் பத்துக்கு மூன்று வந்தது.

இனமும் எல்லையும்

இவ்விவகாரத்தின் மிக வேதனையான பகுதி இது. வட கரோலினாவிலிருந்து காங்கிரஸுக்குச் சென்ற கறுப்பினப் பிரதிநிதி ஜார்ஜ் ஹென்றி வைட் 1901இல் பதவி விட்டு நீங்கிய பின், 1992 வரை அம்மாநிலத்திலிருந்து அவ்வினத்தவர் ஒருவரும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. ஜனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட ஒரு சமூகத்துக்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஓர் ஆசனமும் இல்லை. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டமும், 1982இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும்தான் இந்நிலையை அசைத்தன. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக உள்ள இரண்டு தொகுதிகள் வகுக்கப்பட்டு, 1992இல் ஈவா கிளேட்டனும் மெல் வாட்டும் வென்றனர்.

ஆனால் வாட்டின் பன்னிரண்டாம் தொகுதி, 85ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி ஏறத்தாழ 160 மைல் தூரம் குறுகி நீண்டு கிடந்தது. 1993இல் சுப்ரீம் கோர்ட், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், இனத்தையே பிரதான காரணமாகக் கொண்டு வரையும் விசித்திர உருவங்கள் அரசியல் சாசனத்தின் சமத்துவ விதியோடு முரண்படக்கூடும் என்றது. இத்தகைய தொகுதிகள் இன்றேல் சிறுபான்மையினர் என்றென்றும் தோற்றுக்கொண்டே இருப்பர் என்பது ஒரு தரப்பு; இவை மக்களை நிற அடையாளத்தால் பிரித்து வைப்பதோடு, அவர்களுடைய வாக்குகளை ஓரிடத்தில் குவித்துச் சுற்றியுள்ள தொகுதிகளை எதிர்க்கட்சிக்குத் தாரை வார்க்கின்றன என்பது மறு தரப்பு. இரண்டிலும் உண்மை இருக்கிறது.

தென் மாநிலங்களில் இனமும் கட்சியும் பெரும்பாலும் ஒன்றாகவே நிற்கின்றன. ஆகவே, இனத்தைப் பார்த்து வரைந்தாயா, கட்சியைப் பார்த்து வரைந்தாயா என்ற நீதிமன்றக் கேள்விக்கு விடை காண்பது மிகவும் கடினம். 2017இல் வட கரோலினாவின் இரு தொகுதிகள் இனக் காரணத்துக்காகவே வீழ்ந்தன; 2024இல் தென் கரோலினாவின் தொகுதியோ கட்சிக் காரணத்தால் வரையப்பட்டது என்று சொல்லித் தப்பியது. இடையே 2023இல் அலபாமா வழக்கில் வாக்குரிமைச் சட்டம் உயிரோடிருப்பதாகத் தீர்ப்பு வந்தது. இம்மூன்றையும் ஒரே சூத்திரத்துக்குள் அடக்கிக் காட்டுவது, என் அபிப்பிராயத்தில், சாத்தியமில்லை.

நீதிமன்றம் ஏற்ற பொறுப்பும் இறக்கி வைத்த பொறுப்பும்

கட்சி நலனுக்காக வரையப்பட்ட எல்லை வழக்குக்கு உரியதே என்று 1986இல் சுப்ரீம் கோர்ட் ஒப்புக்கொண்டது. ஆனால் எவ்வளவு பட்சபாதம் அளவுக்கு மீறியது என்று அதனால் சொல்ல முடியவில்லை. 2004இல் நான்கு நீதிபதிகள் அளவுகோலே கிடையாதென்றனர். நீதிபதி கென்னடி மட்டும், இன்று இல்லாவிடினும் நாளை கிடைக்கலாம் என்று கதவைச் சற்றுத் திறந்து வைத்தார். அவர் ஓய்வு பெற்றபின் 2019இல் அக்கதவு சாத்தப்பட்டது. வட கரோலினாவில் குடியரசுக் கட்சியும் மேரிலாந்தில் ஜனநாயகக் கட்சியும் வரைந்த எல்லைகளை ஒன்றாக விசாரித்த வழக்கில், இச்செயல் ஜனநாயகக் கோட்பாட்டுக்கு ஒவ்வாதது என்று ஒப்புக்கொண்ட தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், பரிகாரம் தேட வேண்டிய இடம் மாநிலங்களும் காங்கிரஸுமே என்று முடித்தார். கீழ்க்கோர்ட்டுகள் அளவுகோலைக் கண்டு பயன்படுத்தியே வருகின்றன என்ற நீதிபதி காகனின் மறுப்பு, நடைமுறை அனுபவத்தைக் கொண்டு பார்த்தால் வலுவுள்ளதாகவே தோன்றுகிறது.

மாநில நீதிமன்றங்கள் காட்டிய வழி வேறு. பென்சில்வேனியாவில் 2012, 2014, 2016 ஆகிய மூன்று தேர்தல்களிலும் 18 ஆசனங்களில் 13 குடியரசுக் கட்சிக்கே சென்றன. வாக்குகளில் அக்கட்சி பின்தங்கிய 2012இலும் அப்படியே. அங்கே ஏழாம் தொகுதி ஐந்து கவுண்டிகளுக்குள் புகுந்து வளைந்து, கிங் ஆப் பிரஷியா என்ற ஊரில் ஓர் உணவகத்தின் அகலத்துக்குச் சுருங்கி, அந்த மெல்லிய இழையால் இரு பாதிகளையும் இணைத்துக்கொண்டிருந்தது. தேர்தல் சுதந்திரமாகவும் சமமாகவும் நடைபெற வேண்டும் என்ற மாநில அரசியல் சாசன விதியை ஆதாரமாகக் கொண்டு 2018இல் மாநில சுப்ரீம் கோர்ட் அவ்வரைபடத்தை ரத்து செய்து, தானே புதியதை வெளியிட்டது. அவ்வாண்டில் இரு கட்சிகளும் தலா 9 ஆசனங்கள் பெற்றன. வாக்குகளில் ஜனநாயகக் கட்சி பாதிக்கு வெகுவாக மேலே சென்றிருந்தும் ஆசனத்தில் பாதியே கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவ்வழியின் பலவீனத்தைக் காட்டுவதும் வட கரோலினாவே. 2022 பிப்ரவரியில் அம்மாநில சுப்ரீம் கோர்ட் நான்குக்கு மூன்று என்று கட்சி நோக்குள்ள எல்லைகளைத் தடுத்தது. அவ்வாண்டு நவம்பரில் நடந்த நீதிபதிகள் தேர்தலில் கோர்ட்டின் பெரும்பான்மை மாறியது. 2023 ஏப்ரலில் அதே கோர்ட் தன் பழைய தீர்ப்பைத் தானே நீக்கியது. சட்டம் மாறவில்லை, சாட்சியமும் மாறவில்லை. கட்சிச் சின்னத்தோடு நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் மாநிலங்களில் நீதிமன்றத்தின் பாதுகாப்பு எத்தனை ஸ்திரமானது என்று கவலைப்பட இது போதும்.

கணிதத்தின் துணை

மனிதர் கையை நம்ப முடியாதென்றால் எண்ணை நம்பலாமே என்ற ஆசை இயல்பானது. தொகுதியின் உருவம் எவ்வளவு கச்சிதமானது என்பதைச் சுற்றளவையும் பரப்பையும் கொண்டு அளக்கும் போல்ஸ்பி-பாப்பர் முறை 1991 முதல் புழங்குகிறது. ஆயினும் அழகிய உருவத்துக்குள்ளும் அநியாயம் ஒளிந்திருக்கலாம். கோணல் உருவம் ஆற்றின் வளைவினாலும் அமையலாம். இதைவிட ஆழமானது, டியூக் பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் மாட்டிங்லி முதலியோர் கையாண்ட முறை: சட்டம் கேட்கும் நிபந்தனைகளுக்கு மட்டும் கட்டுப்பட்ட ஆயிரக்கணக்கான வரைபடங்களைக் கம்ப்யூட்டரால் உண்டாக்கி, சட்டசபையின் வரைபடம் அவற்றுள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. கூட்டத்தில் ஒன்றாக நின்றால் சந்தேகமில்லை. எங்கோ கோடியில் தனித்து நின்றால் அது தற்செயலன்று.

இம்முறை ஒரு முக்கியமான தெளிவையும் தந்தது. ஆசனம் வாக்கு விகிதத்துக்கு ஒத்து வராததெல்லாம் சூழ்ச்சியின் பலன் ஆகாது. நகரங்களில் நெருங்கி வாழும் ஜனநாயகக் கட்சியினர் சில தொகுதிகளில் வேண்டாத அளவு வாக்குகளைக் குவித்து வீணாக்குகிறார்கள் என்று 2013இல் சென், ராடன் ஆகிய இருவரும் காட்டினர். மாஸச்சூஸெட்ஸில் குடியரசுக் கட்சிக்குச் சுமார் மூன்றிலொரு பங்கு வாக்குகள் உண்டு. ஆனால் 1994க்குப்பின் பிரதிநிதிகள் சபைக்கு அங்கிருந்து அக்கட்சியினர் எவரும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. அவர்கள் மாநிலமெங்கும் ஒரே சீராகப் பரவிக் கிடப்பதால், சில தேர்தல்களின் வாக்குகளை வைத்துப் பார்த்தால், எவ்வளவு முயன்றாலும் அவர்கள் வெல்லும் ஒரு தொகுதியை வரைவதே முடியாத காரியம் என்று கணித வல்லுநர் கண்டார்கள். கணிதம் அளவுக்கு மீறிய சூழ்ச்சியைப் பிடித்துக் கொடுக்கும். பல நியாயமான வரைபடங்களுள் எதைத் தேர்வது என்பதை அது சொல்வதில்லை.

சுயேச்சை ஆணையங்கள்

ஐயோவா மாநிலம் 1980 முதல் ஒரு விசேஷ ஏற்பாட்டைக் கைக்கொண்டிருக்கிறது. கட்சிச் சார்பற்ற அலுவலகம் ஒன்று, கட்சிவாரி வாக்குகளையும் பதவியிலுள்ளோரின் வீட்டு விலாசங்களையும் பாராமல் எல்லையை வரைகிறது. சட்டசபை அதை ஏற்கலாம், அல்லது நிராகரிக்கலாம். அரிஸோனா 2000இல் வாக்காளர் தீர்மானத்தின் மூலம் ஐவர் கொண்ட ஆணையத்தை ஏற்படுத்திற்று. 2015இல் சுப்ரீம் கோர்ட் ஐந்துக்கு நான்கு என்று அதை ஆதரித்தது. கலிபோர்னியாவில் 14 சாதாரணக் குடிமக்கள் கொண்ட ஆணையம் 2010க்குப் பின் காங்கிரஸ் தொகுதிகளையும் வகுக்கலாயிற்று; 2018இல் மிஷிகனும் கொலராடோவும் இவ்வழியில் சேர்ந்தன.

பெயரளவில் ஆணையம் என்றிருப்பவை அனைத்தும் ஆணையமல்ல. ஓஹையோவில் அரசியல்வாதிகளே உறுப்பினராக அமர்ந்தார்கள். மாநிலக் கோர்ட் செல்லாதென்ற காங்கிரஸ் வரைபடத்தின் கீழேயே 2022 தேர்தல் நடந்து முடிந்தது. நியூயார்க்கில் இரு கட்சியாரும் சமமாக அமர்ந்து முடிவெடுக்க முடியாமல் கலைந்தனர்.

இவற்றினும் பெரிய சங்கடம் வேறு. ஒரு மாநிலம் தன் கையைத் தானே கட்டிக்கொள்ளும்போது மற்றொன்று கட்டிக்கொள்ள மறுத்தால், நியாயமாக நடந்த மாநிலத்து மக்களின் கட்சி தேசிய சபையில் நஷ்டப்படுகிறது. 2025இல் இது கண்முன்னே நடந்தது. ஜனத்தொகைக் கணக்கு எதுவும் புதிதாக வராத நடுக்காலத்தில், குடியரசுக் கட்சிக்கு மேலும் ஐந்து ஆசனங்களைக் கருதி டெக்ஸாஸ் சட்டசபை எல்லைகளை மாற்றியது. அதற்குப் பதிலாகக் கலிபோர்னியா வாக்காளர்கள் நவம்பரில், தங்கள் ஆணையத்தின் வரைபடத்தை இப்பத்தாண்டு முடியும்வரை ஒதுக்கி வைக்கச் சம்மதித்தார்கள். அந்த வாக்காளர்களைக் குறை கூறுவது எளிது. ஆனால் ஒருதலைப்பட்சமான நல்லொழுக்கத்தை எத்தனை காலம் ஒரு மக்களிடம் எதிர்பார்க்கலாம் என்ற கேள்விக்கு விடை கூறுவது எளிதன்று.

தொகுதியே வேண்டுமா?

1844லேயே பிலடெல்பியாவைச் சேர்ந்த தாமஸ் கில்பின், சிறுபான்மையினரின் பிரதிநிதித்துவத்துக்காக விகிதாசார முறையை எழுத்தில் முன்வைத்தார். இல்லினாய்ஸ் தன் மாநிலக் கீழ்சபைக்கு 1870 முதல் 1980 வரை, தொகுதிக்கு மூவராகவும், வாக்காளர் தம் மூன்று வாக்குகளையும் ஒருவருக்கே குவித்துப் போடலாம் என்றும் வைத்திருந்தது. இரு கட்சியினரும் மாநிலத்தின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் சபைக்கு வந்தனர். பல உறுப்பினர் தொகுதியில் எல்லைக்கோட்டின் ஆற்றல் வெகுவாகக் குறைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் 1967ஆம் ஆண்டுச் சட்டம் காங்கிரஸ் தேர்தலில் அதற்கு இடமளிக்கவில்லை. ஒரே ஆசனமுடைய அலாஸ்கா, வெர்மான்ட், வயோமிங் போன்ற ஆறு மாநிலங்களுக்கு அதனால் பயனுமில்லை.

எஞ்சி நிற்பவை

எல்லையால் லாபம் அடைபவர் கையில் எல்லையை வகுக்கும் அதிகாரம் இருக்கலாகாது என்பது, இரு நூற்றாண்டு அனுபவத்தில் ஏறக்குறைய ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிவிட்டது என்றே கருதுகிறேன். எந்த அளவு பட்சபாதத்தைப் பொறுக்கலாம், சிறுபான்மை இனத்தின் பிரதிநிதித்துவத்துக்காகக் கவுண்டி எல்லைகளை எவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்கலாம், போட்டி நிறைந்த தொகுதிகள் மேலா, ஒத்த நலன்கள் ஒன்றாக வாழும் தொகுதிகள் மேலா என்பன இன்னும் திறந்தே கிடக்கின்றன. இவற்றுக்குக் கணிதத்திலும் விடையில்லை, கோர்ட்டின் முன்தீர்ப்புகளிலும் விடையில்லை. ஆணையம் எல்லா மாநிலங்களுக்கும் ஒருசேர வந்தாலன்றி நிலைப்பது துர்லபம் என்று 2025ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. அவ்வாறு ஒருசேர விதிக்கும் அதிகாரம் முதல் விதியின் நான்காம் பிரிவினால் காங்கிரஸிடம் இருக்கிறது. எல்லா மாநிலங்களிலும் சுயேச்சை ஆணையங்களே எல்லையை வகுக்க வேண்டும் என்ற மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 2021 மார்ச்சில் நிறைவேற்றியது. செனட்டில் அது விவாதத்துக்கே எடுத்துக்கொள்ளப்படாமல் நின்றுபோயிற்று.